வளரிளம் பருவத்து நடத்தையும் பள்ளியின் பொறுப்பும்: நீலகிரியை முன்வைத்து

பதின்வயதினரின் சமூக விரோத நடத்தை என்னும் தலைப்பின்கீழ், ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் பல செயல்கள் அடங்குகின்றன. வகுப்புக்கு மட்டம் போடுவது, சிறு திருட்டு, பள்ளியின் மேசை நாற்காலிகளை உடைப்பது, தனித்து நிற்கும் ஒருவனைக் கூட்டமாகச் சேர்ந்து கொடுமைப்படுத்துவது, பெண்பிள்ளைகளைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் அடக்கிக்கொள்வது என்று தொடங்கி மது, கஞ்சா, அடிதடி, கத்தி வரை அது நீள்கிறது. பிறரது உடலையும் உடைமையையும் மீறுவதும், வீடும் பள்ளியும் வகுத்த எல்லையைத் திரும்பத் திரும்பத் தாண்டுவதும் இவற்றின் பொதுத்தன்மை.

இச்செயல்களில் இறங்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். உளவியலாளர் டெரி மொஃபிட் 1993இல் முன்வைத்த பாகுபாடு இத்துறையில் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்துவரும் ஆய்வு அதற்குப் பெரிதும் துணைநின்றது. ஒரு சிறு பிரிவினரிடம் முரட்டுத்தனமும் அடங்காமையும் மழலைப் பருவத்திலேயே தென்பட்டுப் பெரியவர்களான பின்னும் நீடித்தன. மிகப் பெரும்பாலோரிடமோ அவை பதின்மூன்று, பதினான்கு வயதில் தோன்றி, வேலையும் குடும்பமும் அமையும்போது தாமாகவே விலகிவிட்டன. பள்ளி எதிர்கொள்ளும் ஒழுங்கீனத்தில் பெரும்பகுதி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பருவம் கடந்தால் தேறிவிடக்கூடிய பிள்ளையை, அந்தப் பருவத்துக்குள்ளேயே பள்ளியை விட்டு வெளியேற்றிவிடாமல் காப்பது எப்படி என்பதே தடுப்புத் திட்டங்களின் மையக் கேள்வி.

இந்த வயதுக்கு உடலியல் காரணமும் உண்டு. உணர்ச்சியையும் பரிசின் ஈர்ப்பையும் கையாளும் மூளைப் பகுதிகள் பூப்புக் காலத்தில் விழிப்படைகின்றன. பின்விளைவை எண்ணிப் பார்த்து நிறுத்தச் சொல்லும் மூளையின் முன்பகுதி இருபது வயதுக்குப் பின்னும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடியபோது பெரியவர்களைப் போலவே ஓரளவு நிதானமாக இருந்த பதின்வயதினர், நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது ஏறத்தாழ இரு மடங்கு ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பதினைந்து வயதுப் பையனின் நடத்தையைத் தனிமனிதக் குணமாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. அவனுடைய கூட்டாளிகள், வகுப்பறை, விடுதி, பேருந்து நிறுத்தம் எல்லாம் அந்த நடத்தையின் பங்காளிகள்.

நீலகிரி மாவட்டத்தில் இந்தப் பங்காளிகள் மிகவும் சிக்கலான முறையில் அமைந்திருக்கிறார்கள். உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்களில் 2011 கணக்கெடுப்பின்படி 7.35 லட்சம் மக்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என மிகவும் நலிந்த பழங்குடிகளாகத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ஆறு இனத்தவரும் இங்கே வாழ்கிறார்கள். ஹட்டிகள் எனப்படும் ஊர்களில் படகர், கூடலூர்ப் பகுதியில் மலையாளம் பேசும் குடியேறிகள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்து டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டோர், அண்மை ஆண்டுகளில் ஜார்க்கண்டிலிருந்தும் பிற வட மாநிலங்களிலிருந்தும் எஸ்டேட் வேலைக்கு வந்தோர் என ஓர் உயர்நிலைப் பள்ளி வகுப்பில் ஐந்தாறு வீட்டு மொழிகள் சந்திப்பது இங்கே இயல்பு. சினத்தையும் வெட்கத்தையும் பயத்தையும் ஒரு பிள்ளை முதலில் கற்ற மொழி வேறு, அதைப் பற்றி ஆசிரியர் கேட்கும் மொழி வேறு. வாய் திறக்காத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று எடுத்துக்கொள்வது அத்தகைய வகுப்பில் எளிது.

தேயிலைத் தோட்டங்களின் வரலாறு வளரிளம் பருவத்தை ஏறக்குறைய இல்லாததாகவே நடத்தியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் தொழிலாளர்களின் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் அவர்களுக்குக் கல்வி வசதி செய்துதரும்படி நிர்வாகத்தைப் பணிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. பன்னிரண்டு வயது நிரம்பாதவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதித்ததும் அதே சட்டம்தான். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அன்றைய எண்ணம் புலப்படும்: பன்னிரண்டாம் வயதில் மாணவப் பருவம் முடிகிறது, தொழிலாளர் பருவம் தொடங்குகிறது. பின்னால் வந்த சட்டங்கள் வேலைக்கான வயதை உயர்த்தின, 2009இன் கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயது வரை கல்வியை உரிமையாக்கியது. ஆயினும் தோட்டத்துக்குள் அமைந்தது பெரும்பாலும் தொடக்கப் பள்ளிதான். ஆறாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ பிள்ளை பேருந்து ஏறிச் சிறு நகரத்துக்குப் போக வேண்டும். தாய் கொழுந்து பறிக்கக் காலையிலேயே கிளம்பிவிடுவாள். லைன் வீடு எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் எல்லோரும் எல்லோரையும் அறிந்த சூழலிலிருந்து, யாரும் தன்னை அறியாத ஒரு பள்ளி வளாகத்துக்குள் அந்தப் பிள்ளை நுழைவது சரியாகப் பதின்வயது தொடங்கும் வேளையில்.

மலைப்பகுதிக்கு உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. தொல்லை கொடுக்கும் மாணவனுக்கு டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்புவது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். சமவெளியில் அந்தப் பையன் அடுத்த தெருவிலோ அடுத்த ஊரிலோ வேறு பள்ளியில் சேர்ந்துவிடக்கூடும். பந்தலூரிலோ குந்தாவிலோ அடுத்த மேல்நிலைப் பள்ளி மலைப்பாதையில் பல மைல் தள்ளி இருக்கும். யானை நடமாடும் சாலையில் மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் வேறு வழியில்லை. அங்கே டி.சி. என்பது நடைமுறையில் படிப்பின் முடிவு. மொஃபிட் சொன்ன இரண்டாம் வகைப் பையனை முதல் வகையின் வாழ்க்கைக்குள் தள்ளிவிடும் வலிமை அந்த ஒரு தாளுக்கு இருக்கிறது.

தடுப்புத் திட்டங்கள் கற்பிக்க முயல்வது என்ன? உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தினைத் தொகுத்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைத் தாங்குதல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், உறவைப் பேணுதல், ஆய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல் என்பன அவை. பட்டியல் எளிது. இவற்றுக்கும் அடிதடிக்கும் என்ன தொடர்பு என்பதை விளக்கியவை கென்னத் டாட்ஜ் 1980 முதல் நடத்திய ஆய்வுகள். அடிக்கடி சண்டையில் இறங்கும் பையன்களிடம் ஒரு பொதுவான சாய்வை அவர் கண்டார். நடைவழியில் ஒருவன் தெரியாமல் தோளில் இடித்துவிட்டால், பிறர் அதைத் தற்செயல் என்று விட்டுவிடுவார்கள். இவர்களோ வேண்டுமென்றே செய்தான் என்று அக்கணமே முடிவுகட்டிவிடுகிறார்கள். வீட்டிலும் தெருவிலும் அடிபட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த எச்சரிக்கை ஒரு காலத்தில் பயன்பட்டிருக்கும். வகுப்பறையில் அதுவே அவனுக்கு வினையாகிறது. நிகழ்வுக்கும் எதிர்வினைக்கும் நடுவே சில நொடி இடைவெளியை உண்டாக்கி, வேறு காரணம் இருக்கலாமா என்று கேட்கப் பழக்குவதே பெரும்பாலான திட்டங்களின் உட்கரு.

சிகாகோ நகரின் பிக்கமிங் எ மேன் என்னும் திட்டத்தில் இதற்கென ஒரு பயிற்சி உண்டு. இரண்டிரண்டு பையன்களில் ஒருவன் கையில் பந்து. அதை எடுக்க மற்றவனுக்கு அரை நிமிடம். மல்லுக்கட்டும் இழுபறியும் நடக்கும். முடிந்தபின் நடத்துநர், பந்தைத் தரும்படி யாராவது வாய்விட்டுக் கேட்டீர்களா என்று வினவுவார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா என்பது அடுத்த வினா. ஏன் கூடாது, வெறும் பந்துதானே என்பது போன்ற பதில்தான் பெரும்பாலும் வரும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய சோதனைகளில், இத்திட்டத்தில் இருந்தவர்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது திட்டம் நடந்த காலத்தில் 45 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. திட்டம் முடிந்த பின் கைது எண்ணிக்கையில் அந்த வேறுபாடு நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஓர் ஆள் அருகில் இருப்பதே பயனின் பெரும்பகுதியோ என்னும் ஐயத்தை அது எழுப்புகிறது.

நல்லெண்ணத்தோடு தொடங்கித் தீமையில் முடிந்த முயற்சிகளும் உண்டு. திட்டம் வகுப்போர் முதலில் படிக்க வேண்டியவை அவை. அமெரிக்காவில் 1970களில் புகழ்பெற்ற ஸ்கேர்டு ஸ்ட்ரெய்ட் திட்டம், தடம் புரளும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்று ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டவைத்தது. பின்னர் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த சிறுவர்களே மற்றவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் ஈடுபட்டிருந்தார்கள். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டேர் திட்டத்தில் சீருடை அணிந்த காவலர்கள் வகுப்புக்கு வந்து போதைப்பொருளின் கேட்டை விளக்கினார்கள். பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் அது குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் ஏற்படுத்தவில்லை. இவற்றிலும் வருத்தமளிப்பது 1939இல் மாசசூசெட்ஸில் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சோமர்வில் ஆய்வு. வழிகாட்டி, மருத்துவ உதவி, பாட உதவி, கோடை முகாம் என எல்லாம் பெற்ற சிறுவர்கள், எதுவும் பெறாத சிறுவர்களைவிட நடுவயதில் மோசமான நிலையில் இருந்ததை ஜோன் மெக்கார்டு 1978இல் வெளியிட்டார். கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம் அந்தத் தீமை கூர்மையாகத் தெரிந்தது. தொல்லை தரும் பையன்களை ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால், ஒருவன் சொல்லும் வீரக்கதைக்கு மற்றவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பே பயிற்சியாகிவிடுகிறது. 'மோசமான' மாணவர்களைத் தனிப் பிரிவாக்கும் பள்ளிகளும், விடுதியில் அவர்களை ஒரே அறையில் ஒதுக்கும் காப்பாளர்களும் இதை அறியாமலேயே செய்துவருகிறார்கள்.

இந்தியாவில் நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவை காட்டும் திசை தெளிவானது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஸ்ரீகலா பரத்தும் கிஷோர் குமாரும் கர்நாடகப் பள்ளிகளில் ஆசிரியர்களைக் கொண்டே நடத்திய வாழ்க்கைத் திறன் வகுப்புகளின் விளைவை 2010இல் வெளியிட்டார்கள். ஓராண்டு பங்கேற்ற மாணவர்களிடம் தன்மதிப்பும், நெருக்கடியைச் சமாளிக்கும் திறனும், ஆசிரியரோடும் பள்ளியோடும் ஒத்துப்போகும் தன்மையும் உயர்ந்திருந்தன. மனநோய்க்கூறுகளின் அளவிலும் வீட்டிலும் நண்பர்களிடத்திலும் ஒத்துப்போவதிலும் வேறுபாடு காணப்படவில்லை. கண்டதற்கு மேல் எதையும் கோராத நேர்மையான முடிவு அது.

இதைவிடப் பெரியது பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் சங்காத் நிறுவனம் நடத்திய சேஹர் ஆய்வு. 2015இல் தொடங்கி, 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளை மூன்றாகப் பிரித்து, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கவனித்தார்கள். ஒரு பிரிவில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர் ஒருவர் பள்ளிக்கென அமர்த்தப்பட்டார். சேஹர் மித்ரா என்பது அவருக்குப் பெயர். இரண்டாம் பிரிவில் அதே பணிகளைப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் செய்தார். மூன்றாம் பிரிவில் அரசின் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும். காலை வணக்கக் கூட்டத்தில் மாதம் ஒரு கருப்பொருள், சுவரிதழ், மாணவர் எழுதிப் போடும் பெட்டி, மாணவர் குழுக் கூட்டம், தேவைப்பட்டவர்க்குத் தனி ஆலோசனை என்று பணிகள் எளியவை. 2018இல் லான்செட் இதழில் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் பெரிதும் மேம்பட்டது. மனச்சோர்வு, சக மாணவர் கொடுமை, வன்முறைக்கு ஆளாதல், வன்முறையில் இறங்குதல் எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் ஏறக்குறைய ஒன்றுமே மாறவில்லை. இரண்டாம் ஆண்டிலும் ஆலோசகர் பள்ளிகளின் பயன் வளர்ந்ததாக 2020இல் வந்த தொடர் அறிக்கை கூறியது.

ஆசிரியர்களைக் குறைகூற இம்முடிவைப் பயன்படுத்துவது தவறு. நிம்ஹான்ஸ் அனுபவத்தில் ஆசிரியர்கள் ஓரளவு சாதித்திருக்கிறார்கள். ஆனால் பாடத்திட்டத்தை முடிக்கவும், கணினியில் விவரங்கள் ஏற்றவும், தேர்தல் பணிக்குச் செல்லவும் கடமைப்பட்ட ஒருவர் கூடுதலாக இதையும் சுமப்பது கடினம். மதிப்பெண் போடுபவரிடமும் தண்டிக்கும் அதிகாரம் உடையவரிடமும் ஒரு பிள்ளை தன் வீட்டில் குடித்துவிட்டு நடக்கும் அடிதடியைச் சொல்லத் தயங்குவதும் இயல்பு. 2007இல் மத்திய அரசு வெளியிட்ட குழந்தை வதை பற்றிய ஆய்வில், பள்ளி செல்லும் குழந்தைகளில் 65 விழுக்காட்டினர் பள்ளியில் உடல்ரீதியான தண்டனை பெற்றதாகக் கூறியிருந்தார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அத்தண்டனையைத் தடைசெய்துவிட்டது என்றாலும், பிரம்பின் நினைவு ஒரு தலைமுறையில் மறையாது. அடியை நிறுத்தாத பள்ளியில் நடத்தப்படும் உணர்ச்சி மேலாண்மை வகுப்புக்குப் பிள்ளைகளிடம் எந்த மதிப்பும் இருக்கப் போவதில்லை.

தமிழ்நாட்டில் அரசின் முயற்சிகள் பெரும்பாலும் அதிர்ச்சிகளைத் தொடர்ந்தே வந்திருக்கின்றன. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அடுத்து வந்தவை நடமாடும் ஆலோசனை மையங்கள்; அப்போதிருந்த 32 மாவட்டங்களுக்கும் சேர்த்து 10 வாகனங்கள், அவற்றில் உளவியலாளர்கள். எண்ணம் சரியானது. ஆனால் ஆண்டில் ஒரு நாள் வந்துபோகும் உளவியலாளரிடம் மலைப்பள்ளியின் பிள்ளை எதைச் சொல்ல முடியும்? நம்பிக்கை பிறக்கும் முன் வாகனம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். 2016இல் திருக்குறளின் 108 அதிகாரங்களை ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கும்படி சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. குறளைக் கற்பது தன்னளவில் பெரும் பேறு. ஆனால் வெகுளாமை அதிகாரத்தைப் பொருளுணர்ந்து படித்தவனும் சினம் மூளும் நொடியில் கையை நிறுத்தத் தனியே பழக வேண்டியிருக்கிறது. நீச்சலைப் போல அது உடம்பில் ஏறினால்தான் உண்டு. போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்களும் உறுதிமொழிகளும் பேரணிகளும் 2022 முதல் பரவலாயின. கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலங்கள் பள்ளி மாணவரிடம் புழங்குவது பற்றி 2024இல் மதுரைக் கிளை கடும் கவலை தெரிவிக்கும் அளவுக்குப் பழக்கம் பரவியே இருந்தது. டேர் திட்டத்தின் வரலாற்றை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டியதையடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, சாதியை அடையாளப்படுத்தும் கைக்கயிறுகளைத் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குவது முதலானவற்றோடு, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்கவும் ஒன்றியம்தோறும் ஆலோசகர் அமர்த்தவும் பரிந்துரைத்தது. பெயர்ப்பலகையும் கயிறும் செய்தியாயின. நிலையான ஆள் ஒருவர் பள்ளிக்குள் இருக்க வேண்டும் என்ற பரிந்துரை போதிய கவனம் பெறவில்லை. அறிக்கையில் சேஹர் ஆய்வின் முடிவோடு மிக நெருங்கி நிற்பது அதுதான். நீலகிரியில் ஏளனம் வேறு வடிவம் கொள்கிறது: பணியர் பிள்ளையின் பேச்சு, எஸ்டேட் பிள்ளையின் லைன் வீட்டு முகவரி, இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தின் ஊர்க்கதை. ஏளனம் பொறுக்காமல் திருப்பி அடிப்பவனே பெரும்பாலும் தலைமையாசிரியர் அறைக்கு முதலில் அழைத்துச் செல்லப்படுகிறான்.

2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய மகிழ் முற்றம் இந்த நோக்கில் கவனத்துக்குரியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாக மாணவர்களைப் பல வகுப்புகளிலிருந்தும் கலந்து பிரித்து, குழுவுக்கு ஒரு பொறுப்பாசிரியரை வைக்கும் ஏற்பாடு இது. உதகையின் வசதி படைத்த விடுதிப் பள்ளிகளில் இதையொத்த இல்ல முறை நெடுங்காலமாக வேரூன்றிய ஒன்று. அதன் பயன் விளையாட்டுக் கோப்பையில் மட்டும் இல்லை. பிள்ளை தன் வகுப்பிலும் சாதியிலும் ஊரிலும் இல்லாத மூத்தவர் ஒருவரோடு உறவு கொள்ள அது வழி செய்கிறது. பள்ளிக்குள் ஒட்டுறவு என்பது அடாவடிக்கு எதிரான வலுவான காப்பு. மாணவர் மனசு என்னும் புகார்ப் பெட்டிகளும் ஏற்கெனவே பள்ளிகளில் இருக்கின்றன. நாளந்தாவில் அத்தகைய பெட்டி பயன்பட்டதற்குக் காரணம், அதில் விழும் தாள்களைப் பொறுப்போடு படித்துப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதே. பூட்டித் தொங்கும் பெட்டி பிள்ளைகளுக்கு வேறொரு பாடத்தைக் கற்பித்துவிடும்.

பள்ளிக்குள் ஓர் உள்ளூர் ஆள் என்னும் கருத்துக்கு நீலகிரி புதிய இடமே இல்லை. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கம் 1971இல் தொடங்கிய தொழிலாளர் நலத்திட்டத்தில், கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்து லிங்க் ஒர்க்கர்களாக்கினார்கள். தாய் சேய் நலமும் குடும்ப நலமும் சுகாதாரமும் லைன் வீடுகளுக்குள் சென்றது அவர்கள் வழியாகத்தான். கூடலூரில் 1980களின் நடுவில் தொடங்கிய அக்கார்டு அமைப்பும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும், 1990இல் எழுந்த அஸ்வினி மருத்துவமனையும் ஆதிவாசி இளைஞர்களையே சுகாதாரப் பணியாளர்களாகவும் செவிலியர்களாகவும் உருவாக்கின. வெளியிலிருந்து வரும் மருத்துவரிடம் பேசாத தாய், தன் குடியிருப்பான பாடியிலிருந்து வந்த பெண்ணிடம் பேசினாள்.

கல்வியில் இதே வழியில் நடந்தது கூடலூர் வித்யோதயா பள்ளி. ராமதாஸ், ரமா சாஸ்திரி இணையர் தொடங்கி, 1990களில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக அது உருப்பெற்றது. பணியர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய சமூகங்களிலிருந்து இளைஞர்களை ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தது அதன் முதன்மையான பணி. தம் மொழி தெரிந்த, தம் வீட்டை அறிந்த, அடிக்காத ஆசிரியரிடம் பிள்ளைகள் கற்றார்கள். ஊர்ப் பாட்டும் கதையும் காட்டறிவும் வகுப்புக்குள் இடம்பெற்றன. நடத்தைத் தடுப்புத் திட்டம் என்று அதை யாரும் அழைக்கவில்லை. அவமானத்தை முன்கூட்டியே அகற்றிவிட்ட பள்ளி அது என்ற வகையில், பதின்வயதில் வெடிக்கக்கூடிய பலவற்றின் வேரைச் சிறு வயதிலேயே தொட்டது. குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிடும் முதல் வகை நடத்தைக்குச் சிறு வகுப்புகளிலேயே வேலை தொடங்க வேண்டும் என்பதை உலக ஆய்வுகளும் சொல்கின்றன. 1980களின் நடுவில் பால்டிமோர் நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட குட் பிஹேவியர் கேம் என்னும் குழு விளையாட்டின் நற்பயன், முரட்டுத்தனம் மிகுந்திருந்த பையன்களிடம் அவர்கள் இளைஞர்களான பின்னும் தெரிந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மலைப்பள்ளிக்கு ஏற்ற திட்டத்தின் வடிவம் புலனாகிறது. உள்ளூரில் பட்டமோ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த இளைஞர், முடிந்தால் பெண்ணும் ஆணுமாக இருவர். அவர்கள் எஸ்டேட் பிள்ளைகளும் ஆதிவாசிப் பிள்ளைகளும் பேசும் மொழிகளில் ஒன்றையாவது அறிந்தவர்கள். பணி முழுவதும் பள்ளி நேரத்துக்குள் நடக்க வேண்டும், ஏனெனில் மாலை வகுப்பு வைத்தால் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளே விடுபட்டுப் போவார்கள். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், பந்தலூர்ப் பள்ளிகள் மழைக்காக மூடப்படும் நாட்களையும் கணக்கில் கொண்டு ஆண்டுத் திட்டம் அமைய வேண்டும். வாரம் ஒரு வகுப்பில் சொற்பொழிவுக்கு இடமில்லை: நடித்துக் காட்டல், இருவர் இருவராகப் பேசுதல், உண்மையில் நடந்த ஒரு சண்டையை நிகழ்வு நிகழ்வாகப் பிரித்துப் பார்த்தல் ஆகியவையே அதில் நடக்கும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இரவு நேரமும் விடுமுறை நாளும் தனிக் கவனம் கோருகின்றன. அங்கே கொடுமை நடப்பது பெரும்பாலும் ஆசிரியர் இல்லாத வேளையில். விடுதிக் காப்பாளரையும் சமையலரையும் பயிற்சியில் சேர்க்காத திட்டம் விடுதிப் பள்ளிக்குப் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இளைஞர்களுக்கு மாதந்தோறும் மேற்பார்வை வேண்டும். சேஹர் ஆலோசகர்களுக்கு அது கிடைத்தது. பல அரசுத் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது அதுவே.

எல்லை எங்கே என்பதையும் அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் 84 பள்ளிகளில் ஏறத்தாழ 8,000 மாணவர்களிடம் மனஒருமைப் பயிற்சியைச் சோதித்த மிரியாடு ஆய்வு, வழக்கமான வகுப்புகளைவிட அதனால் மிகுதியான பயன் இல்லை என்று 2022இல் அறிவித்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உள்நோக்கும் பயிற்சியை ஊட்டுவதால் மட்டும் மனநலம் உயர்ந்துவிடாது. 2015–16இன் தேசிய மனநல ஆய்வு, பதின்மூன்று முதல் பதினேழு வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுக்கு வேண்டியது மருத்துவ உதவி. உள்ளூர் ஆலோசகர் தற்கொலை எண்ணத்தையோ கடும் மனச்சோர்வையோ கண்டால் உதகையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் அனுப்பிவைக்கும் பாதை தெளிவாக இருக்க வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் விடுதிச் சுவரில் எழுதியிருக்க வேண்டும். பாலியல் கொடுமை தெரியவந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதை, ரகசியம் காப்பதாக வாக்களிக்கும் முன்னரே பிள்ளையிடம் சொல்லிவிடுவது ஆலோசகரின் முதல் நேர்மை.

2025 ஜூலையில் சுக்தேப் சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்கின்றன. அதற்குக் குறைந்த எண்ணிக்கை உள்ளவை வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொண்டால் போதும். சந்துரு குழுவின் 500 என்னும் அளவும் இந்த 100 என்னும் அளவும் சமவெளிப் பள்ளிகளுக்குப் பொருந்துபவை. சிதறிய குடியிருப்புகளுக்காக அமைந்த மலைப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு. உதவி மிகவும் தேவைப்படும் பிள்ளைகள் படிப்பதும் அவற்றில்தான். வல்லுநரோ மணிக்கணக்கில் பயணம் செய்து சேர வேண்டிய தொலைவில் இருக்கிறார். ஒரே பேருந்துத் தடத்தில் அமைந்த மூன்று நான்கு பள்ளிகளை இணைத்து, கிழமைதோறும் குறித்த நாளில் தவறாமல் வரும் ஓர் ஆலோசகரை அவற்றுக்குப் பொதுவாக அமர்த்துவது இந்த இடைவெளியை நிரப்பும் வழி. அதன் பயனை அளக்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. ஆண்டுக்கு எத்தனை டி.சி. வழங்கப்பட்டன, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள், அவர்களில் எஸ்டேட் பிள்ளைகளும் ஆதிவாசிப் பிள்ளைகளும் எத்தனை பேர் என்பவை பள்ளிப் பதிவேடுகளிலேயே இருக்கின்றன.